எக்ஸ்ரே அறைக்கு வந்த கேள்வி

அவர் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். இருபத்திரண்டு வருடமாக மேலதிகாரி யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை.

ஒரு நாள் கண்காணிப்பாளர் ஒரு தாளோடு அவர் அறைக்கே வந்தார். அந்த மருத்துவமனையின் எக்ஸ்ரே இயந்திரம் வேலை செய்கிறதா என்று தொகுதி உறுப்பினர் நாடாளுமன்றத்தில் கேட்டிருந்தார். வியாழக்கிழமை கேள்வி நேரத்தில் அமைச்சர் பதில் சொல்ல வேண்டும்.

“வேலை செய்யுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா. வீண் வம்பு வேண்டாம்.”

இயந்திரம் பதினான்கு மாதமாகப் படுத்துக் கிடந்தது. அதன்மேல் போர்வைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். முந்தின நாள்தான் இடுப்பெலும்பு முறிந்த ஒருவரை நாற்பது கிலோமீட்டர் தள்ளி அனுப்பியிருந்தார்.

“வேலை செய்யுதுன்னா நீங்களே வந்து நில்லுங்க சார். உங்க நெஞ்சைப் படம் எடுத்து, பதிலோட சேர்த்து அனுப்பிடலாம்.”

“உங்களை எங்கயாவது தூக்கி அடிச்சிடுவாங்கம்மா!”

“அடிக்கட்டும்.”

‘பதினான்கு மாதமாகப் பழுது. ஒன்பது கடிதம் எழுதியும் பயனில்லை’ என்று எழுதினார். கையெழுத்து கோணிக்கொண்டது. நகல் ஒன்றை உறுப்பினருக்கே தபாலில் அனுப்பினார்.

நடுவில் யாரோ பதிலை மாற்றிவிட்டார்கள். வியாழக்கிழமை அமைச்சர், “இயந்திரம் நன்றாக இயங்குகிறது” என்றார். உறுப்பினர் எழுந்து நகலை வாசித்தார். அமைச்சர் தாள்களைப் புரட்டு புரட்டென்று புரட்டினார். அதை எழுதி அனுப்பியவர் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த மாதம் புது இயந்திரம் வந்தது. அதற்கு முன்பே அவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது.

“இனிமே ரெண்டு பஸ் மாறிப் போகணுமே” என்றார் கணவர்.

“போறேன். அந்த ஊருக்கும் ஒரு உறுப்பினர் இருப்பார்ல?”