ரம்பாயின் எட்டு மாதம்

சட்டைக் காலரைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு, "இன்னும் இல்ல" என்று மறுபடி கயிற்றில் போடுகிறாள் ரம்பாய். ஈரம் கையை ஏமாற்றும், கன்னத்தை ஏமாற்றாது என்பது அவள் கட்சி. தாய்லாந்தின் கடலோர ஊரான ரனோங்கில், கடைத்தெருவுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட வீடு. கூடம், அடுப்படி, படுக்கிற இடம் எங்கும் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. அவளைப் பார்க்க வருகிறவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும், யாருடைய கால்சட்டைக்காவது தலைகுனிந்துதான் உள்ளே நுழையவேண்டும்.

கூலிக்குத் துணி துவைக்கிறாள். துவைப்பது சுலபம், இந்த ஊரில் காயவைப்பதுதான் பிழைப்பு. வருஷத்தில் எட்டு மாதம் மழை. மே மாதம் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். ஆகஸ்டில் விடிந்ததா இல்லையா என்றே தெரியாது. தலையணை உறையில்கூடப் பூஞ்சை பிடிக்கும். டிசம்பரில் தூறலாகத் தேய்ந்து, ஜனவரியில் ஒரு காலை வானம் துடைத்துவிட்டதுபோல் நிற்கும். ஊரே பாயையும் மெத்தையையும் தெருவில் விரித்துச் சந்தோஷப்படும். ரம்பாய் மட்டும் சிடுசிடுக்கத் தொடங்குவாள். நாலு மாதத்துக்கு அவளிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை.

புருஷன் சம்னான் சின்னப் படகில் மீன் பிடித்தவன். வெயில் மாதங்களில் கடல் பணிந்து கிடக்கும். தீவுப் பக்கம் போனால் எப்போது திரும்புவான் என்று சொல்ல முடியாது. மழை பிடித்துக் கடல் கொந்தளித்தால் படகைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டு வீட்டோடு இருப்பான். கரி அடுப்பை மூட்டித் துணிகளுக்கு அடியில் வைப்பான். போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கிப் பிழிவார்கள். அப்போதுதான் அவன் வாய் திறந்து பேசுவான், கதை முடிகிறவரை முறுக்கிக்கொண்டே இருப்பான் என்று ரம்பாய் இப்போதும் சொல்கிறாள். நைந்துபோன போர்வைகளுக்காக ஏச்சு வாங்கியது அவள்தான்.

"மத்தவளுங்களுக்கு வருஷம் பூரா புருஷன். எனக்கு மழைக்கு மட்டும்" என்பாள்.

அவனைக் கடல் கொண்டுபோகவில்லை. ஒரு மார்ச் மாதம், காய்ச்சலில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி அவள் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வாள்: "வெயில் காலத்துல அவரு வீட்டுல தங்குனது அந்த ஒரு தடவதான்."

காரியங்கள் முடிந்ததும் மகள் ஒரதாய் அவளைக் கடலில்லாத வடக்கே, தான் வாழ்க்கைப்பட்ட கோராட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். நல்ல வீடு, நல்ல மருமகன். குறை சொல்ல ஒன்றுமில்லை. துணியை உதறிக் கொடியில் போட்டுத் திரும்பினால் காய்ந்திருந்தது. காய்ந்த துணியை மடித்த பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. "இன்னும் காயலையா?" என்று கேட்டுக்கொண்டு யாரும் வரவில்லை. அங்கும் மழைக்காலம் என்று ஒன்று வந்தது. சாயங்காலம் கொஞ்சம் கொட்டிவிட்டு ஓய்ந்தது. கான்கிரீட் கூரைக்குள் அதன் சத்தம்கூடக் கேட்கவில்லை.

மறு வருஷம் மே மாதம், தெற்கே மழை இறங்கிவிட்டதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். ரம்பாய் எழுந்து போய்ப் பையில் துணிகளை அடுக்கினாள். அங்கே யார் இருக்கிறார்கள் என்று போகிறாய் என மகள் அழுதாள்.

"மழை வந்துருச்சுடி. இந்நேரம் நான் வீட்டுல இல்லாம இருந்தா நல்லா இருக்காது" என்றாள் ரம்பாய்.

வந்து இறங்கிய நாளே கயிறுகளைக் கட்டினாள். பழைய ஆட்கள் ஒவ்வொருவராகத் தலைகுனிந்து வந்தார்கள். அக்கரைக்குப் படகு விடும் சனித், நாளைக்குப் பெண் பார்க்கப் போகிறேன், இன்றைக்காவது சட்டை கிடைக்குமா பெரியம்மா என்று பரிதாபமாக நின்றான்.

"ஈரத்தோடயே போ. அப்பதான் படகுக்காரன்னு நம்புவாங்க" என்றாள். பெண் வீட்டார் நம்பினார்கள். கல்யாண வீட்டில் நனைந்த விரிப்புகளையும் அவள்தான் காயவைத்தாள்.

ஞாயிறுதோறும் ஒரதாய் கைப்பேசியில் கூப்பிடுகிறாள். போன வாரமும் அதே பேச்சு: வயதாகிறது, தனியாக இருக்கிறாய், அந்த ஓட்டை வீட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடு. ரம்பாய் 'உம்' கொட்டிக்கொண்டு கைலிகளை மடித்தாள். அந்த நேரம் மழை வலுத்தது. தகரம் அதிர்ந்தது. பேசிக்கொண்டிருந்த மகள் பாதியில் நிறுத்தினாள்.

"அம்மா, இந்த மழை நம்ம வீட்டுலயா?"

"ஆமா."

ரம்பாய் அடுத்த கைலியை எடுத்து உதறினாள். பிறகு ஒரதாய் மெல்ல, "போன வெச்சிராதம்மா" என்றாள்.

ரம்பாய் ஒரு நாற்காலியைக் கயிற்றுக்கு அடியில் இழுத்துப் போட்டு ஏறினாள். கைப்பேசியைக் கூரைத் தகரத்துக்குப் பக்கத்தில், கை வலிக்க வலிக்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.