ஒற்றையாள் வள்ளம்

குவைத்தில் இருபத்திரண்டு வருடம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு ஐம்பத்தொன்றாவது வயதில் ஊருக்குத் திரும்பியபோது, எனக்கென்று வாங்க நினைத்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய சின்னப் படகு, எங்கள் பேச்சில் வள்ளம். வீட்டில் இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அடுத்து வேறு ஏதோ கேட்கப்போகிறேன் என்று காத்திருந்தார்கள்.

தூண்டில் போடப் பழகியது குவைத்தில்தான். கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி வெள்ளிக்கிழமைகளில் கடற்கரைப் பாறைகளுக்கு அழைத்துப்போவாள். இரண்டு பேரும் தூண்டிலைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்போம். வார்டில் மற்ற ஆறு நாளும் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். யாரும் கூப்பிடாத அந்த ஒரு நாள் எனக்குப் பிடித்துப்போயிற்று.

எங்கள் வீடு கருங்கல் ஊருக்கு மேற்கே, ஆறு கடலில் சேர்வதற்கு முன் அகலமாகத் தேங்கி நிற்கும் இடத்தில் இருக்கிறது. கரையிலிருந்து தூண்டில் போட்டால் சிலேபியும் கெளுத்தியும் கிடைக்கும். கரிமீன் அக்கரையில், தாழம்புதருக்குக் கீழே நிழலில் நிற்கும். அந்தப் பக்கம் நடந்துபோக வழி கிடையாது.

வள்ளம் தேடுவதில் என்னைவிட ஆர்வம் காட்டியவன் என் தம்பி. பக்கத்து வீடு அவனுடையது. ஹாலோபிளாக் அறுக்கும் களம் வைத்திருக்கிறான். அவனுக்கு ஏர்கன்னால் நீர்க்கோழியும் தாரா என்கிற காட்டு வாத்தும் சுடுகிற பழக்கம் உண்டு. ஒருமுறை வனத்துறைக்காரர்கள் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு போனார்கள், இரண்டு வருடம் கோர்ட்டுக்கு அலைந்தான். பிறகு இன்னொன்று வாங்கினான்.

"வள்ளம் வாங்கு யக்கா, நல்ல காரியம். ஆனா அடி பரந்து இருக்கணும். எழும்பி நிண்ணா ஆடப்பிடாது" என்றான்.

"நான் எதுக்குல எழும்பி நிக்கப்போறேன்?"

"நீ நிக்காண்டாம். நான் எப்பவாவது எடுப்பேன்லா."

முதலில் மணக்குடியில் ஒரு மர வள்ளம் பார்த்தோம். அயனி மரம். ஓலை போட்டு மூடிவைத்திருந்தார்கள். தம்பி அதில் ஏறி நின்று இல்லாத துப்பாக்கியைத் தோளில் வைத்து இடமும் வலமும் திரும்பிப் பார்த்தான். வள்ளம் அசையவில்லை. நான் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன். அதுவும் அசையவில்லை. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி என் முதுகில் ஒரு எலும்பு விலகியிருக்கிறது.

"தூக்கதுக்கு நான் இருக்கேன்லா" என்றான் தம்பி.

அதுதான் எனக்கு வேண்டாம் என்று இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் களத்திலிருந்து வரும்வரை நான் கரையில் நிற்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்தது கன்னியாகுமரியில். லாட்ஜ் நடத்தும் ஒருவர், தங்க வருகிறவர்களுக்காக வாங்கிப்போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் படகு. காலை நீட்டி உட்கார வேண்டும். அரை மணி நேரத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. தம்பிக்கு அந்த நிறமே பிடிக்கவில்லை. இந்த மஞ்சளைப் பார்த்தால் ஒரு பறவையும் பக்கத்தில் நிற்காது என்றான்.

மூன்றாவதை மாநில எல்லைக்கு அப்பால் ஒரு பட்டறையில் பார்த்தேன். ஃபைபர் வள்ளம், பதினோரு அடி நீளம். யாரோ சிப்பி வாருவதற்காகச் செய்யச்சொல்லிவிட்டு எடுக்காமல் போனது. அதைச் செய்தவர் என் தம்பியைப் பார்த்துத்தான் பேசத் தொடங்கினார்.

"துடுப்பெடுத்துத் துழையப்போறது நான்தான்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "கூட ஆளு?"

"இல்ல."

"நீந்தத் தெரியுமா?"

"தெரியும். முதுகுதான் கொஞ்சம் வேதனை."

என்னை உட்காரவைத்துப் பார்த்து, குறுக்குப் பலகையை நான்கு விரல் கீழே இறக்கித் தருவதாகச் சொன்னார். இரண்டு முனையிலும் தெர்மோகோல் அடைத்து மூடியிருப்பதைத் தட்டிக் காட்டினார். "கவிந்தாலும் தாழாது. ஆனா ஒல்லி வள்ளமாக்கும். இருந்து மீன் பிடிக்கலாம், நிக்கப்பிடாது."

ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். கூடவே வந்தது.

திரும்பும்போது காரில் தம்பி சொன்னான். "ஒரு அடி அகலம் கூட்டிச் செய்யச்சொன்னா செய்வாருல்லா."

"கூட்டுனா பாரமும் கூடும். அதுமட்டும் இல்ல, நீ பறவைக்கு வெடி வைக்கதுக்கு எனக்க வள்ளம் வேண்டாம்."

"நான் சுட்ட தாராவ நீயும் தின்னியல்லா?"

தின்றிருக்கிறேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மிளகு போட்டு வறுத்துக் கொடுப்பான், நன்றாகத்தான் இருக்கும். ஆகவே பறவைகள் மேல் இரக்கப்பட்டு மறுத்தேன் என்று இப்போதும் சொல்லமுடியாது. கேஸ் என்று வந்தால் வள்ளத்தையும் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று பயந்தேன். அதைவிட, என் பொருளை இன்னொருவர் கேட்டு வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. இதை அவனிடம் சொல்லவில்லை.

வள்ளம் வந்த அன்று அவன் இறக்கிவைக்க வரவில்லை. டெம்போ டிரைவரும் நானும் இறக்கினோம். அதன்பிறகு இரண்டு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. நான் துழையப் பழகினேன். முதல் நாட்களில் காற்று முன்பக்கத்தைச் சுழற்றிச் சுழற்றிக் கரைக்கே கொண்டுவந்தது. ஒரு கேனில் தண்ணீர் நிரப்பி முன்னால் வைத்ததும் நேராகப் போயிற்று. இரண்டாவது வாரம் தாழம்புதரின் கீழே முதல் கரிமீன் கிடைத்தது.

டிசம்பரில் ஒரு காலை, தென்னையில் கட்டியிருந்த வள்ளத்தைக் காணவில்லை. ஆற்றைப் பார்த்தேன். நடு ஆற்றில் அது கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் இரண்டு கைகள் தெரிந்தன, தம்பியின் கைகள். அவனுக்கு நீந்தத் தெரியும், ஆனால் காலை அடிக்கவில்லை, கட்டியிருந்த லுங்கி சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் வேறு வள்ளம் இல்லை, இந்த முதுகோடு அவ்வளவு தூரம் என்னால் நீந்தமுடியாது.

"வள்ளத்த விடாத மக்கா. லுங்கிய அவுத்து விடு. கால மட்டும் அடி" என்று கத்தினேன்.

அவன் காலை அடிக்கத் தொடங்கினான். வார்டில் பேசுவதுபோல ஒரே குரலில் சொல்லிக்கொண்டே கரையோடு நடந்தேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். நீரோட்டம் வள்ளத்தோடு அவனை எங்கள் ஊர்த் தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த படித்துறைப் பக்கம் தள்ளியது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவன் சட்டையைப் பிடித்தேன். உதடு வெளுத்திருந்தது. படியில் உட்காரவைத்து நாடி பார்த்தேன். வேகமாக இருந்தது, ஆனால் சீராக இருந்தது. என் துப்பட்டாவைக் கொடுத்தேன், இடுப்பில் சுற்றிக்கொண்டான்.

"துப்பாக்கி போச்சு" என்றான்.

"போட்டும்."

"எழும்பி நிக்கல யக்கா. இருந்துதான் திரும்பினேன்."

அவன் பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். பக்கவாட்டில் திரும்பிக் குறிவைத்தால் உட்கார்ந்திருந்தாலும் அந்த வள்ளம் சாயும்.

அவன் மனைவிக்கு நாங்கள் இருவரும் எதுவும் சொல்லவில்லை. துடுப்பு மட்டும் மூன்றாம் நாள் கடல் பக்கமிருந்து யாரோ எடுத்துக் கொண்டுவந்து தந்தார்கள். தம்பி அதன்பிறகு வள்ளத்தைத் தொடவில்லை, புதிய துப்பாக்கி வாங்கினானா என்று நான் கேட்கவும் இல்லை. என்னோடு பேசுகிறான். செவ்வாயும் வெள்ளியும் நான் ஆற்றுக்குப் போகிறேன். கரிமீன் அதிகம் கிடைக்கிற நாளில் அவன் வீட்டுக்கு இரண்டு கொடுப்பேன். செதிள் உரசுவது என்னைவிட அவனுக்கு நன்றாக வரும்.