வக்கச்சன் கண்ட பறவைக்காய்ச்சல்

"ஒரு வாத்தை ஒரு தடவை பார்த்தா போதும், அதுக்கு என்ன நோவுன்னு சொல்லிடுவேன். லேப்பு, பரிசோதனை எல்லாம் கண்ணு தெரியாதவனுக்கு!"

கேரளத்தின் குட்டநாட்டுக் கள்ளுக்கடை பெஞ்சில் அமர்ந்து, வாத்து வளர்க்கும் வக்கச்சன் இப்படி முழங்கியபோது மறுக்க ஆளில்லை. அதுவரை அவர் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. வேறு யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கும் வேளையில், காயலின் அக்கரையில் பறவைக்காய்ச்சல் என்று அரசு அறிவித்தது. முட்டை விற்கக் கூடாது. வாத்தை இடம் மாற்றக் கூடாது. நோய் உறுதியானால் சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் வளர்ப்புப் பறவை ஒன்றும் உயிரோடு இருக்கக் கூடாது. காக்கைகளுக்கு விலக்கு உண்டு. அவை அரசாணைக்குக் கட்டுப்படுவதில்லை.

அந்த வாரமே வக்கச்சனின் வாத்துகளில் சில கழுத்தைத் திருகிக்கொண்டு வட்டமடித்தன. அவர் குனிந்து பார்த்தார். கண்ணில் நீலம் படர்ந்திருந்தது. ஒரே பார்வையில் தீர்ப்பு எழுதியாயிற்று: பறவைக்காய்ச்சல். அன்று கஞ்சி இறங்கவில்லை.

மனைவி மறியக்குட்டி சத்தமில்லாமல் கால்நடைத் துறைக்குப் போன் செய்துவிட்டாள்.

"எடீ, கொல்ல வர்றவங்களுக்கு நீயே வழி சொன்னியா?"

"சொல்லாம மறைச்சா சட்டப்படி குத்தம். அதுவுமில்லாம, பறவைக்காய்ச்சல்னு சொன்னது நீங்கதானே மனுஷா? வேற யாராவது பார்த்தா வேற நோயா இருக்கலாம்ல?"

இந்த அவமானம் ஆறுவதற்குள், தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்போடு கால்நடை டாக்டர் லீனா படகிலிருந்து இறங்கினார். வாத்துகளின் தொண்டையில் பஞ்சுக் குச்சியை விட்டு மாதிரி எடுத்தார்.

"எதுக்கு டாக்டரே வீண் வேலை? நான்தான் கண்ணால பார்த்துட்டேனே."

"அச்சாயா, உங்க கண்ணுக்கு அரசு முத்திரை இல்லையே. பறவைக்காய்ச்சலை உறுதி பண்ற போபால் லேப் சொல்லட்டும்."

முடிவு வரும்வரை வக்கச்சன் வரப்பிலேயே கிடந்தார். வாத்துகள் வழக்கம்போலக் கத்தின. அவருக்கு அது ஒப்பாரியாகக் கேட்டது. மாதாவிடம் அவர் வேண்டியது ஒன்றுதான்: தன் கண் பொய்யாக வேண்டும்.

போன் வந்தது. பறவைக்காய்ச்சல் இல்லை. வாத்துகளுக்கு வரும் வேறொரு காய்ச்சல். மருந்து இருக்கிறது. ஒன்றையும் கொல்ல வேண்டாம்.

"நல்லாப் பார்த்தாங்களா? கண்ணு நீலமா இருந்துச்சே..." என்று இழுத்தார் வக்கச்சன்.

"ஏன், எல்லாத்தையும் கொன்னு எரிச்சாத்தான் உங்களுக்கு மனசு ஆறுமா?" என்றாள் மறியக்குட்டி.

அவர் பொத்தென்று வரப்பில் உட்கார்ந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. வாழ்நாளில் முதல்முறையாகத் தப்பாகச் சொல்லியிருக்கிறார். இத்தனை சுகமான காரியம் என்று தெரிந்திருந்தால் முன்பே செய்திருப்பார். அன்று கஞ்சி இரண்டு கிண்ணம் போயிற்று.

தடை நீங்கிய பிறகு ஒரு காலையில், கக்கத்தில் ஒரு வாத்தோடு அவர் கால்நடை ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார்.

"இருமுது டாக்டரே."

"என்ன நோவுன்னு நீங்களே பார்த்திருப்பீங்களே அச்சாயா?"

வக்கச்சன் வாத்தை மேசைமேல் வைத்தார்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார், அடங்கிய குரலில். "நீங்க பாருங்க."