வைஃபை பெட்டி பூஜை அறையை விட்டு வந்த நாள்

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. அதிலும் போனில் கிரிக்கெட் பார்க்கும்போது படம் நின்றுபோனால் வீடே அதிரும்படி கத்துவேன். பந்து வீசுபவர் ஓடி வருவார், கையைத் தூக்குவார், அப்படியே நிற்பார். முன்பக்கத்துக் குடித்தனத்தில் கைதட்டுவார்கள். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் விக்கெட் விழுந்ததை நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் பெரிய பழைய வீடு. ஐந்து குடித்தனம். ஐந்துக்கும் சேர்த்து ஒரே வைஃபை. வீட்டுக்கார அம்மாவுக்கு வெளிநாட்டிலிருக்கும் அவர் மகன் ஏற்பாடு செய்து கொடுத்தது. கீழே நடுப்பகுதியில் நானும் என் மனைவியும். மாடியில் பின்பக்க அறையில் ஒரு டீச்சர். அவருக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேசவும் வராது. இரண்டு வருஷமாக ஒரே வாசலில் போய் வந்தோம். எதிரில் பார்த்தால் நான் தலையை ஆட்டுவேன், அவரும் ஆட்டுவார். அதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை.

ஒருநாள் நான் வராந்தாவில் நின்று போனை உதறிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து அவர் இறங்கி வந்தார். தன் போனில் தட்டிக் காட்டினார்: “உங்களுக்கும் நெட் நின்னு போகுதா சார்?”

அப்புறம் அவர் தட்டத் தட்ட நான் படித்துக்கொண்டே போனேன். காது கேளாத குழந்தைகளின் அம்மாக்களுக்கு ஆன்லைனில் சைகை மொழி சொல்லித்தரும் வேலை ஒன்று அவருக்குக் கிடைக்கும் போலிருந்தது. ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். ஏற்கெனவே ஒன்று எடுத்து, படம் நின்று நின்று பாழாகியிருந்தது. இரக்கப்பட்டு இன்னொரு வாய்ப்பு கொடுத்திருந்தார்கள். இதுவும் போனால் வேலை வேறு ஒருவருக்கு. அந்தப் பாழான வகுப்பின் பதிவைப் போட்டுக் காட்டினார். அவருடைய கை நெஞ்சுக்கு நேராக எழும்புகிறது, விரல்கள் விரிகின்றன, அந்தரத்தில் நிற்கின்றன. நமக்குப் படம் நின்றாலும் குரல் வரும், ‘கேக்குதா, கேக்குதா’ என்று சமாளித்துவிடுவோம். அவருக்குக் கைதானே குரல்.

“வாயைப் பொத்தின மாதிரி இருக்கு சார்” என்று தட்டினார்.

என் கிரிக்கெட்டை நினைத்து எனக்கு வெட்கமாகிவிட்டது. உண்மையாகவே வெட்கம்.

மொபைல் டேட்டாவில் எடுக்கலாமே என்றால், வகுப்பு வைத்திருந்தது பௌர்ணமியன்று சாயங்காலம் நாலு மணிக்கு. கிரிவலத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும். போனில் டவர் கோடு முழுசாகக் காட்டும், ஒரு போட்டோ கூட நகராது. வகுப்பு வைத்த வெளியூர்க்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? மறுபடி தேதி மாற்றச் சொல்ல டீச்சருக்குப் பயம்.

முதலில் நான் ஒரு ரிப்பீட்டர் வாங்கி வந்து பெருமையாக அவர் அறையிலேயே மாட்டினேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. அங்கே வந்து சேராத சிக்னலை அது எங்கிருந்து வாங்கி அனுப்பும்? இது எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது. பிறகு சிக்னல் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு, நானும் டீச்சரும் ஆளுக்கொரு போனோடு அறை அறையாக நடந்தோம்.

“மலையச் சுத்தறவங்க போதாதுனு நீங்க வீட்டச் சுத்தறீங்களா?” என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கு என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் காபி இறங்காது.

ஆனால் அந்த நடையில்தான் எனக்குப் பிரமிப்பு ஆரம்பித்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் கூடத்தில் நிறைய, தூணுக்குப் பின்னால் கம்மி, இரும்பு பீரோவுக்குப் பின்னால் சுத்தமாக இல்லை. காற்று மாதிரி ஏதோ ஒன்று வீடெல்லாம் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் நடுவில்தான் இத்தனை நாளும் நான் சாப்பிட்டிருக்கிறேன், தூங்கியிருக்கிறேன், கத்தியிருக்கிறேன். படிக்கட்டுத் திருப்பத்தில் டீச்சர் சட்டென்று நின்று போனைக் காட்டினார். அங்கிருந்து மேலே அவர் அறை வாசல் நேராகத் தெரிந்தது. பெட்டி மட்டும் இங்கே இருந்தால்!

பெட்டி இருந்தது பூஜை அறையில். வந்த நாளிலேயே வீட்டுக்கார அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமிப் படங்களுக்கு நடுவில் உட்கார வைத்துவிட்டார். பின்னால் பெரிய கண்ணாடி, இருபுறமும் பித்தளைத் தாம்பாளம், முன்னால் தண்ணீர் நிறைந்த குடம். சிக்னலைத் தடுக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் அந்த அம்மா பக்தியோடு சுற்றி அடுக்கியிருந்தார். போதாததற்குக் கதவையும் சாத்தி வைப்பார்.

சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

“அதெல்லாம் எடுக்க முடியாது தம்பி. என் புள்ள முகமே அதுலதான் வருது. அத கண்ட எடத்துல வெப்பாங்களா?”

டீச்சர் என் பின்னால் நின்று எங்கள் வாய்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்த வாயெடுத்தவன் அந்த முகத்தைப் பார்த்து அடங்கினேன். பெட்டிக்குப் பின்னால் ஆணியில் வளையமாகச் சுற்றி மாட்டியிருந்த மிச்ச ஒயரைக் காட்டி, “இதப் பாருங்கம்மா. இதுக்குள்ள முடி கனத்துல ஒரு கண்ணாடி இழை இருக்கு. அதுல வெளிச்சம் ஓடுது. உங்க புள்ள முகம் வெளிச்சமாத்தான் இந்த வீட்டுக்குள்ள வருது” என்றேன்.

“வெளிச்சமாவா?”

“ஆமாம்மா.”

ஒயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சன்னல் வழியாக மலையைப் பார்த்தார். பிறகு அவராகவே சொன்னார்: “தீபத்த மலை உச்சியில ஏத்தறாங்க, எல்லாருக்கும் தெரியணும்னு. நான் இன்னாடானா உள்ள வெச்சிக் கதவச் சாத்தியிருக்கேன்.”

இதை என்னால் சொல்லியிருக்க முடியாது. யோசித்திருக்கவும் முடியாது. அந்த இடத்தில் அவர் காலில் விழுந்தாலும் தப்பில்லை என்று தோன்றியது.

ஆனால் படிக்கட்டுத் திருப்பத்தைக் காட்டியதும் திரும்பவும் முகம் மாறியது. அங்கேதான் ஐந்து குடித்தனத்தின் செருப்பு ஸ்டாண்டு இருந்தது. “பூஜையில இருந்தது, செருப்புக்கு மேலயா?” என்றார். போச்சு என்று நினைத்தேன். அவர் விறுவிறுவென்று போய், அடுக்கிலிருந்த செருப்புகளைக் கை கையாக அள்ளி வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க ஆரம்பித்தார். என் செருப்பையும்தான். நானும் டீச்சரும் ஓடிப்போய் ஸ்டாண்டைத் தூக்கினோம். அந்த இடத்தைக் கழுவிக் கோலம் போட்ட பிறகே பெட்டியை எடுக்க விட்டார். இழை மடங்காமல் ஒயரைச் சுவரோரமாகக் கொண்டுவந்தேன். ரிப்பீட்டர் மாடி வாசலுக்குப் போனது.

பௌர்ணமியன்று தெருவில் வெறுங்காலோடு கூட்டம் போய்க்கொண்டிருந்தது. கேட்டில் செருப்பை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்காரர்களும் வெறுங்காலோடுதான் நடமாடினார்கள். நாலு மணிக்கு என் போனை நானே அணைத்தேன்; என் மனைவி இதை இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். டீச்சர் அறை வாசலில் நானும் வீட்டுக்கார அம்மாவும் நின்றோம். லேப்டாப்பில் எட்டுப் பத்து அம்மாக்கள், மடியில் குழந்தைகள். டீச்சர் கட்டை விரலை வாய்ப் பக்கம் சாய்த்து, தண்ணீர் என்று காட்டினார். புருவத்தை உயர்த்தி, வேண்டுமா என்று கேட்டார். கை நிற்கவில்லை. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஓரத்துக் கட்டத்தில் ஓர் அம்மா, நாலு வயதிருக்கும் தன் மகனைத் திருப்பி உட்கார வைத்து, தயங்கித் தயங்கி அதையே செய்தாள். பையன் அவள் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். பிறகு தன் கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோய்ப் பலமாகத் தலையாட்டினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் பிறந்ததிலிருந்து அவள் கேட்டு அவன் பதில் சொன்னது அதுதான் முதல் தடவையோ என்னவோ. அவர்கள் எந்த ஊரோ எனக்குத் தெரியாது. அந்த வெளிச்சம் எத்தனை தூரம் ஓடி, எங்கள் செருப்பு இருந்த இடத்தில் ஏறி, இந்த அறைக்குள் வந்ததென்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. வீட்டுக்கார அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வகுப்பு முடிந்து டீச்சர் திரும்பினார். நெற்றியெல்லாம் வியர்வை. வேலை கிடைத்துவிட்டது என்று போனில் தட்டிக் காட்டினார். கட்டை விரலை வாய்ப் பக்கம் கொண்டுபோனேன். புருவத்தை உயர்த்தினேன்.

சிரித்துக்கொண்டே ஆமாம் என்று தலையாட்டினார். இரண்டு வருஷத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. தண்ணீர் கொண்டுவரக் கீழே இறங்கினேன்.