மூடிக்கொண்ட கழிமுகம்

இந்திராணிக்குப் பிழைப்பெல்லாம் அலையாத்திக் காட்டு ஓடையில்தான். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவியே இறால் பிடித்து இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள்.

அந்தக் கோடையில் அலைகள் மணலைத் தள்ளி, ஓடை கடலில் சேரும் கழிமுகத்தை அடைத்துவிட்டன. கடல்நீர் உள்ளே வர வழியில்லை. தேங்கிய தண்ணீர் உப்பேறிச் சூடானது. மரங்கள் நின்ற இடத்திலேயே இலை உதிர்த்தன. மடவை மீன் குஞ்சுகள் மூச்சுக்குத் தவித்து மேலே வந்து வாயைப் பிளந்தன. கொக்குகள் அலுங்காமல் நடந்தே பொறுக்கித் தின்றன.

இந்திராணியும் நாத்தனார் மல்லிகாவும் மண்வெட்டியோடு போய் மணல்மேட்டை வெட்டினார்கள். இடுப்பளவு பள்ளம் விழுந்ததும் ஓர் அலை வந்து மூடியது. மறுபடி வெட்டினார்கள், மறுபடியும் மூடியது.

“விடுங்க அண்ணி, இதெல்லாம் மெஷின் வச்சு அள்ளுற மண்ணு” என்றாள் மல்லிகா.

“மெஷின் வர்றதுக்குள்ள இதுங்க செத்துரும்டி.”

இந்திராணி மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குடத்தை எடுத்தாள். குஞ்சுகளை அள்ளி, கொதிக்கும் மணலில் ஓடி, கடலில் கவிழ்த்தாள். சில நீந்தின. பல வயிறு மேலாக மிதந்தன. வெறிபிடித்தவள்போல் திரும்பத் திரும்ப ஓடினாள். கடைசியில் கால் மடிந்து விழுந்து, “முடியலடி” என்று கதறினாள். மல்லிகா குடத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் ஓடை முழுக்க மீன் செத்து வெள்ளையாகக் கிடந்தது. நாற்றம் தெருவரை வந்தது.

ஐப்பசி மழை வெள்ளம்தான் கழிமுகத்தை உடைத்தது. அதற்குள் இந்திராணி ஒரு கம்பெனியில் இறால் உரிக்கும் வேலைக்கு வேன் ஏறிவிட்டாள்.