டாக்டரம்மா படிக்கப் போன கதை

ஊர் டாக்டர் என்கிற தொழிலில் ஓய்வும் கிடையாது, பதவி உயர்வும் கிடையாது. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் ஆசைப்பட்டவள் நான். கிளினிக்கையும் நடத்திக்கொண்டு மேல்படிப்பும் படித்துத் தொலைத்த சக டாக்டர்களே, உங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். பெரிய காஞ்சிபுரத்தில் பத்து வருஷத்துக்கு மேலாக கிளினிக் நடத்திக்கொண்டிருந்த நான், நாற்பது வயதை நெருங்கும்போது சென்னையில் எம்.டி. படிக்கச் சேர்ந்தேன். குடும்ப மருத்துவம் என்று ஒரு தனிப் பாடம் அப்போது எங்கள் கல்லூரியில் இல்லை. சமூக மருத்துவத் துறையில் இடம் வாங்கிக்கொண்டு அதையே ஆராய்ச்சித் தலைப்பாக்கினேன். மருத்துவ மாணவர்களை வார்டில் மட்டும் வைத்துப் பழக்காமல், ஆளுக்கொரு குடும்பத்தோடு பல மாதம் பழகவிட்டால் அவர்கள் நல்ல டாக்டர்களாக வருவார்களா? இதுதான் கேள்வி. வாரத்தில் பாதி சென்னை, பாதி காஞ்சிபுரம். வயதுக்கு மீறிய ஆட்டம்தான்.

படிக்காத டாக்டர்

கிளினிக்கில் எனக்கு வலது கை கம்பவுண்டர் வரதன். ரகசியம் என்றால் அவருக்கு மிக்சர் மருந்து மாதிரி. வருகிற எல்லாருக்கும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்துவிடுவார். நான் மேல்படிப்புக்குப் போகிற செய்தி இப்படித்தான் ஒரே காலையில் பெஞ்சு முழுக்கப் பரவியது.

அன்றைக்கு முதல் ஆளாக உள்ளே வந்தவர் காமாட்சி. பிரசவத்திலிருந்து பல்வலி வரைக்கும் எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார். கையை நீட்டி நாடியைக் காட்டவேண்டியவர், புடவைத் தலைப்புக்குள் கையை ஒளித்துக்கொண்டார். “இன்னா காமாட்சி, ஒடம்புக்கு?” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஒடம்பு கெடக்கட்டும். அப்போ இத்தினி வருசமா படிக்காமலேவா எங்களுக்கெல்லாம் ஊசி போட்டுக்கினு இருந்தே, டாக்டரம்மா?”

எழுத்துப் பிழை

ஆராய்ச்சித் தலைப்பைப் பேராசிரியர்கள் முன்னால் வைத்து ஒப்புதல் வாங்கவேண்டும். நீளமான மேஜை, அதைச் சுற்றிப் பெரிய பெரிய துறைகள். எனக்கு வழிகாட்டியான பேராசிரியர் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசமாட்டார். “ஒரு வருஷம் செஞ்சு பாருங்க. பலன் இல்லேன்னா நானே நிராகரிப்பேன்” என்று முதல் நாளே சொல்லியிருந்தார். ஆகவே அந்த மேஜையில் எனக்குக் கூட்டாளி என்று யாரும் இல்லை.

தலைப்பை வாசித்தேன். நடுநாயகமாக இருந்தவர் இதய அறுவை சிகிச்சைப் பேராசிரியர். கல்லூரியில் அவர் சிரித்தால் எல்லாரும் சிரிப்பார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, என் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“குடும்ப மருத்துவமா? குடும்பக் கட்டுப்பாடுன்னு எழுதவேண்டியது, டைப்பிஸ்ட் தப்பா அடிச்சுட்டாரா அம்மா?”

நீட்டி வைத்த பாவு

ஒப்புதல் என்னவோ கிடைத்துவிட்டது. மாணவர்களில் பாதிப் பேர் வழக்கம்போல் வார்டிலேயே இருப்பார்கள். மீதிப் பேர் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி என் ஊருக்கு வரவேண்டும். மாத்திரை கூடாது, ஊசி கூடாது. தனக்கென்று கொடுத்த வீட்டில் உட்கார்ந்து பேசவேண்டும், அவ்வளவுதான். “பேசறதுக்கு எதுக்கு மேடம் மெடிக்கல் காலேஜ்?” என்று கேட்டவன் சேகர். மயிலாப்பூர்ப் பையன். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், காலில் பளபளவென்று ஷூ.

அவனுக்கு நான் கொடுத்தது நெசவாளி துரைசாமியின் வீடு. நாங்கள் போன காலைவேளையில் துரைசாமி வீட்டார், சேலைக்கு நீளவாட்டில் வருகிற பட்டு நூலைத் தெரு நெடுக நீட்டிக் கட்டி, கஞ்சி தெளித்து நீவிக்கொண்டிருந்தார்கள். அதுதான் பாவு. சேகர் வீட்டு இலக்கத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தான். என் வாயிலிருந்து “டேய்!” வருவதற்குள் நூலுக்கு நடுவில் சிக்கி நின்றான். பத்துப் பதினைந்து இழை அறுந்து தொங்கியது. துரைசாமி நிதானமாக எழுந்து வந்து, அவன் கழுத்தில் தொங்கியதைத் தொட்டுப் பார்த்தார்.

“ஏம்பா, நெஞ்சுக்குள்ள இருக்கறது உனுக்குக் காதுல கேக்குது. கண்ணுக்கெதிர்ல நீட்டி வெச்சிருக்கற பாவு தெரியலியா?”

குழாயடிக்கும் வீட்டுக்கும் நடுவில்

அடுத்த சனிக்கிழமை சேகர் வரமாட்டான் என்று வரதன் சொன்னார். வந்தான். செருப்பில் வந்தான். துரைசாமியின் மனைவி அஞ்சலை அவனைத் தறிக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்காரவைத்து, ஊர் வம்பெல்லாம் சொன்னார். அதில் பெரும்பங்கு மருமகள் செல்வியைப் பற்றி. நாலு மாசம் முழுகாமல் இருக்கிற பெண். “ஒரு கொடம் தண்ணிக்கு நாலு எடத்துல நிக்கறா. சோம்பேறி!” என்பார். செல்வி எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. என் கிளினிக் பக்கம் வந்ததும் இல்லை.

சில வாரம் கழித்து ஒருநாள் செல்வி தண்ணீருக்குப் புறப்பட்டபோது சேகரும் பேச்சுக் கொடுத்தபடி கூடப் போயிருக்கிறான். குழாயடியிலிருந்து திரும்பும்போது அவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. “ராத்திரி படுத்தா தூக்கம் வருதா?” என்று கேட்டான். “படுத்தா மூச்சு அடைக்குதுண்ணா. செவுத்துல சாஞ்சிதான் தூங்கறேன். அத்தைகிட்ட சொல்லாதீங்க” என்றாளாம். சேகர் ஓடிவந்து என்னைக் கூட்டிப்போனான். இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். இதயத்தில் கோளாறு என்று அவன் சந்தேகப்பட்டது சரி. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் ஒரு வால்வை ஒட்டிச் சுருக்கிவிட்டிருந்தது. வயிற்றில் பிள்ளை வளர வளர அந்த வழி போதாது. அப்படியே விட்டால் தாயும் தங்கமாட்டாள், பிள்ளையும் தங்காது.

நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்யவேண்டும் என்றேன். அஞ்சலை முதலில் நம்பவில்லை. பிறகு அழுதார். “வயித்துல புள்ளய வெச்சிக்கினு நெஞ்சக் கிழிப்பாங்களா?” என்று துரைசாமி தறியைவிட்டு எழவே இல்லை. சேகர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒட்டிக்கொண்ட கதவை டாக்டர் விரலை விட்டுத் திறந்துவிடுவார் என்று திரும்பத் திரும்ப விளக்கினான். கடைசியில் துரைசாமி கேட்டது ஒன்றுதான்: “நீ கூட இருப்பியா?” இருந்தான். சென்னையில் அறுவை சிகிச்சை செய்தவர் வேறு யாருமில்லை, எனக்கு எழுத்துப் பிழை கண்டுபிடித்தவரேதான். “எந்த வார்டுல கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார். “தெருக்குழாய்கிட்ட சார்” என்றான் சேகர். அவர் கையைக் கழுவப் போய்விட்டார். அறுவையை மிக நன்றாகச் செய்தார்.

நாலு மாதம் கழித்துப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி பழைய நினைப்பில் “சோம்பேறி மருமவ” என்று வாயெடுத்தாளோ இல்லையோ, அஞ்சலை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சீறினார்.

“யாருடி சோம்பேறி? எம் மருமவளுக்கு உள்ள ஒரு கதவு மாட்டிக்கினு இருந்திச்சி. மூடுன கதவோட இத்தினி நாளு தண்ணி தூக்கிக்கினு வந்தா. நீ தூக்குவியா?”

வயிற்றுவலி வேஷம்

ஒரு செல்வியை வைத்து ஆராய்ச்சி முடியாது. இரண்டு பிரிவு மாணவர்களையும் ஒரே நோயாளியிடம் அனுப்பிப் பார்க்கவேண்டும். உண்மையான நோயாளியை இத்தனை பேர் போட்டு அமுக்கினால் தாங்குவாரா? பாலாற்றங்கரைக் கிராமத்திலிருந்து மாணிக்கம் என்ற கூத்து நடிகரை அழைத்து வந்தேன். ராஜா வேஷம் கட்டுகிறவர். அவருக்கு வயிற்றுவலி வேஷம் கொடுத்தேன். வலி வந்து போகிறது. ஆனால் உள்ளூர இருப்பது பயம். அவருடைய அண்ணன் இதே வயதில் வயிற்றில் புற்றுநோய் வந்து இறந்தவர். யாராவது அக்கறையாகக் கேட்டால் மட்டும் அதைச் சொல்லவேண்டும். வழிகாட்டியும் நானும் திரைக்குப் பின்னால்.

ஒத்திகையின்போதே மாணிக்கம் போட்ட சத்தத்தில் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. “அண்ணே, இங்க மைக் இல்லாமலே கேக்கும்” என்று அடக்கி வைத்தேன். வார்டிலேயே படித்த பிள்ளைகள் மளமளவென்று வயிற்றை அமுக்கினார்கள், எக்ஸ்ரே எழுதினார்கள், போனார்கள். கெட்டிக்காரர்கள்தான், ஆனால் அவர்களில் அநேகமாக யாருமே அந்தப் பயத்தைத் தொடவில்லை. தெருவில் பழகிய பிள்ளைகளோ ஒவ்வொருவராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். “இது இன்னாவா இருக்கும்னு நெனைக்கறீங்க?” என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அண்ணன் கதை வெளியே வந்தது. திரைக்குப் பின்னால் என் வழிகாட்டி முதல் தடவையாகச் சிரித்ததைப் பார்த்தேன்.

எல்லாம் முடிந்து பார்த்தால் மாணிக்கத்தின் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

“விடியவிடிய கத்தி ஆடியிருக்கேன் டாக்டரம்மா, ஒருத்தனும் எழுந்து வந்து இன்னாய்யா உனுக்குன்னு கேட்டதில்ல. இந்தப் புள்ளைங்க கையப் புடிச்சிக்கினு கேட்டாங்க பாரு, எனுக்கு வசனமே மறந்துபோச்சி.”

அதே நீள மேஜை

வாய்மொழித் தேர்வு. வெளிமாநிலத்திலிருந்து வந்த தேர்வாளர் என் ஆய்வேட்டை ஒரு வரி விடாமல் படித்திருந்தார். அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று தெரியவில்லை. மாணவர்களை எப்படிப் பிரித்தீர்கள், மாணிக்கம் எல்லாரிடமும் ஒரே மாதிரி நடித்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று சுற்றிச் சுற்றி அடித்தார். ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னேன். கடைசியாக, “எங்களுக்கும் உங்களைப் போன்ற குடும்ப டாக்டருக்கும் என்னதான் வித்தியாசம்?” என்றார்.

“நீங்கள் டிஸ்சார்ஜ் செய்து அனுப்பிவிடலாம் சார். எங்களிடம் டிஸ்சார்ஜ் என்பதே கிடையாது” என்றேன். அவர் எழுந்து கை கொடுத்தார். அடுத்த வருஷத்திலிருந்து எல்லா மாணவர்களும் ஆளுக்கொரு குடும்பத்தோடு பழகவேண்டும் என்று அங்கேயே முடிவாயிற்று. நான் தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இதய அறுவைப் பேராசிரியர் தாழ்வாரத்தில் எனக்காகக் காத்திருந்தார்.

“அம்மா, என் மகன் மூணாம் வருஷம் படிக்கிறான். உங்க தெருவுல அவனுக்கு ஒரு நல்ல வீடாப் பார்த்துக் கொடுப்பீங்களா?”

புதுப் பலகை

காஞ்சிபுரம் திரும்பிய அன்று பஸ் நிலையத்தில் மாலையோடு வரதன், பின்னால் பாதித் தெரு. வேண்டாம் வேண்டாம் என்றேன். நன்றாகக் குனிந்து வாங்கிக்கொண்டேன். கிளினிக் வாசலில் என் பெயருக்குப் பின்னால் எம்.டி. என்று எழுதிய புதுப் பலகை. எழுத்து என் பெயரைவிடப் பெரியது, வரதனின் ஏற்பாடு.

மறுநாள் காலை, பட்டுக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் ஏகாம்பரம் துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியிலேயே நின்றார். ஜுரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார். “ஏன் உள்ள வராம நிக்கறீங்க?” என்றேன். பலகையை மறுபடியும் மரியாதையோடு படித்துவிட்டுக் கேட்டார்:

“இல்லமா, இத்தினி பெரிய டாக்டராயிட்டீங்க. இந்த மாதிரி சில்லறைக் காய்ச்சலுக்கெல்லாம் இனிமே வரலாமா, இல்ல பெரிய வியாதி வர்ற வரிக்கும் காத்துக்கினு இருக்கணுமா?”

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் நோய் தெரியும் என்ற, உலகத்துக்கே தெரிந்த சங்கதியை ஆராய்ந்து நிரூபித்து, அதற்கு ஒரு பட்டமும் வாங்கிவந்தவள் என்ற பெருமை எனக்கு இன்றுவரை கொஞ்சமும் குறையவில்லை.