மொட்டைமாடியில் காய்ந்த நாற்பது டவல்கள்

பியோ மல்சூனுக்கு ஐம்பத்தொன்பது வயது. அதில் பத்தொன்பது வருஷம் இஞ்சியோன் துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருந்த பொதுக் குளியலகத்தில் டவல் துவைத்தே போயிற்று. ஒரு குளிர்காலத்தில் பாய்லர் கைவிட்டுவிட, குளியலகத்தை இழுத்து மூடினார்கள். இரண்டே மாதத்தில் அவளுக்கு வேறு வேலை கிடைத்தது. அதுவும் டவல் துவைக்கிற வேலைதான். இவை காரைத் துடைக்கிற டவல்கள் என்பது மட்டுமே வித்தியாசம்.

கடை முதலாளி குக் சங்ஹூன். நாற்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். காருக்கு பாலிஷ் போட்டு, கோட்டிங் கொடுத்து, புதிதாக வாங்கியதுபோல் ஆக்கித் தருவது அவர் தொழில். முதல் நாள் அவர் சொன்னதையெல்லாம் மல்சூன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டுத் தன் இஷ்டத்துக்குத்தான் செய்தாள். கொதிக்கிற தண்ணீர், கைநிறைய சோப்புத்தூள், கடைசி அலசலில் துணியை மெத்தென்று ஆக்கும் வாசனைத் திரவம். டவல்கள் கமகமவென்று வந்தன. கடையில் வேலை செய்த நா யொங்ஜே அதில் ஒன்றை எடுத்து ஒரு காரின் கண்ணாடியைத் துடைத்தான். எண்ணெய்க் கையால் தடவியதுபோல் கோடு கோடாகப் படிந்தது.

"பெரியம்மா, இதால தொடச்சா கார் மணக்கும். சுத்தமாகாது," என்றான். அவனுக்கு முப்பத்தைந்து வயது. யாரிடமும் வாய் சும்மா இருக்காது.

"டவல்னா டவல்தானே. கண்ணாடில அழுக்கு இருந்திருக்கும்."

சங்ஹூன் பானெட்டின்மேல் ஒரு குவளை தண்ணீரை ஊற்றினார். மல்சூன் துவைக்காத ஒரு டவலை அதன்மேல் போட்டார். தண்ணீர் இருந்த இடம் தெரியவில்லை. மறுபடி ஊற்றி, அவள் துவைத்ததைப் போட்டார். அது தண்ணீரைக் குடிக்காமல் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று. மல்சூன் அந்த டவல்களையெல்லாம் வாரிக்கொண்டு உள்ளே போய், வினிகர் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டாள்.

அன்றிலிருந்து அவள் வழி மாறிவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீர், மணமில்லாத சோப்புத் திரவம், அதுவும் இரண்டு மூடிதான். கார் டவல் மெல்லிய செயற்கை இழையால் ஆனது; பருத்தித் துணி ஒன்றுகூட அந்த மிஷினுக்குள் போகக்கூடாது. அதன் பஞ்சு இதில் ஒட்டிக்கொண்டால் பிறகு வரவே வராது. பெயிண்ட்டைத் தொடும் டவலுக்கு நீலக் கூடை, சீட்டுக்கு மஞ்சள், சக்கரத்துக்குக் கறுப்பு. மூன்றும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது. டிரையரில் சூடு வைக்காமல் வெறும் காற்றில் உலர்த்துவாள், சூடு பட்டால் மெல்லிய இழைகள் உருகி முள்ளாகிவிடும்.

சோதித்துப் பார்க்க அவளுக்குக் கைகளே போதும். இத்தனை வருஷம் நீரில் ஊறி ஊறி உள்ளங்கை வெடித்திருந்தது. நல்ல டவல் அந்த வெடிப்புகளில் பற்றிக்கொள்ளும். கெட்டது வழுக்கிக்கொண்டு போகும். ஒவ்வொன்றையும் மடிக்கும் முன் தடவிப் பார்ப்பாள். யோசு என்ற ஊரில் கட்டிக்கொடுத்த மகள் அனுப்பிய கைக்குத் தடவும் கிரீம், பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. "தடவிக்கிட்டா எனக்கு எதுவும் தெரியாமப் போயிடும்டி," என்று போனில் சொன்னாள். மகளுக்குக் கோபம்தான் வந்தது.

மூன்று வருஷம் இப்படியே ஓடிற்று. சங்ஹூன் கூடைகளை எட்டிப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார்.

நான்காம் வருஷம் ஏப்ரலில், ஒரு வெள்ளிக்கிழமை டிரையர் நின்றுபோயிற்று. ரிப்பேர்காரர் திங்கட்கிழமைதான் வருவேன் என்றார். சனிக்கிழமை காலையில் நாற்பது டவல்கள் ஈரமாகக் கிடந்தன. திங்கள் காலையில் ஒரு கறுப்புக் கார் வர இருந்தது. ஜன்னலில்லாத சலவை அறையில் கொடி கட்டினால் இரண்டு நாளானாலும் காயாது, நாற்றமெடுக்கும். 'வெளியே மட்டும் காயப்போடாதீங்க' என்று சங்ஹூன் முதல் நாளே சொல்லியிருந்தார்தான். ஆனால் வானம் பளிச்சென்று நீலமாக இருந்தது. வருஷாவருஷம் வசந்தத்தில் பாலைவனத்திலிருந்து காற்றோடு வரும் மஞ்சள் தூசி மறுநாள்தான் வரும் என்று டிவியில் சொல்லியிருந்தார்கள். குளியலகத்து மொட்டைமாடியில் பத்தொன்பது வருஷம் காயப்போட்டவளுக்கு அது ஒன்றும் பெரிய தப்பாகத் தோன்றவில்லை. கடை இருந்த கட்டடத்தின் மொட்டைமாடியில் கயிறு கட்டி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பல் டாக்டரிடம் போனாள்.

அங்கே நேரமாகிவிட்டது. ஒரு மணிக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக் கிரேன்களைக் காணோம். வானம் நீர்த்த பார்லித் தேநீர் நிறத்தில் இருந்தது. தெருவில் எல்லாரும் மாஸ்க் போட்டுக்கொண்டிருந்தார்கள். தாடை மரத்துப்போயிருக்க, அவள் நான்கு மாடி ஓடியே ஏறினாள்.

ஒவ்வொரு டவலையும் இரண்டு முறை உதறினாள். தடவிப் பார்த்தாள். உள்ளங்கையில் நன்றாகப் பற்றிக்கொண்டது; மண் ஒன்றும் உறுத்தவில்லை. மறுபடி துவைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். துவைத்தால் எங்கே காயவைப்பது? கை சொல்லிவிட்டதே என்று மடித்து நீலக் கூடையில் அடுக்கினாள். யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கறுப்புக் கார் கேப்டன் தோ கிபோங்குடையது. துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். யொங்ஜே பாலிஷ் போட்டு முடித்த அந்தக் காரை செவ்வாய்க்கிழமை சங்ஹூன் விளக்கை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தபோது, இடதுபக்கக் கதவு இரண்டிலும் மயிரிழைபோல் கீறல்கள் மின்னின.

சலவை அறைக்குள் இருந்த மல்சூனுக்குச் சத்தம் கேட்டது.

"பாலிஷ் போடுற பஃப்ப மாத்தினியா, மாத்தலையா?" இது சங்ஹூன்.

"மாத்தினேன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"அப்ப கதவு தானா கீறிக்கிச்சா?"

"நான்தான் கெடுத்தேன்னு முடிவு பண்ணிட்டீங்க. அப்புறம் எதுக்குக் கேள்வி? ஏழு வருஷமா இதே கைதானே!"

கையுறையைத் தரையில் எறிகிற சத்தம் கேட்டது. யொங்ஜே வெளியே போய்விட்டான்.

மல்சூன் நீலக் கூடையைப் பார்த்தாள். அந்த நாற்பதில் இன்னும் பதினொன்று தொடாமல் இருந்தன. ஒன்றை எடுத்து, ஒரு வெள்ளை பேசினில் தண்ணீர் பிடித்து, அமுக்கி அமுக்கிப் பிழிந்தாள். தண்ணீர் தெளியட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். கால்மணி நேரத்தில் அடியில் மாவுபோல் ஏதோ படிந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலுக்கு அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குத்தான் தெரிந்தது. அதுதான் அவளுக்கு உறைத்தது.

பேசினை அலுங்காமல் தூக்கிக்கொண்டு போய் முதலாளியின் மேஜையில் வைத்தாள்.

"யொங்ஜே மேல தப்பில்லை. சனிக்கிழமை மொட்டைமாடில காயப்போட்டேன். தூசி வந்துடுச்சு. ஒதறினேன், தடவிப் பார்த்தேன், சரியா இருக்குன்னு நெனச்சேன். சரியா இல்லை."

சங்ஹூன் பேசினை வெளிச்சத்துக்கு நகர்த்தி அடியைப் பார்த்தார். "சனிக்கிழமையே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மீதி டவல வச்சுச் சமாளிச்சிருப்பேனேம்மா."

"ஆமா. சொல்லியிருக்கணும்."

யொங்ஜே சாயங்காலம் திரும்பி வந்தான். மல்சூன் அவனிடமும் சொன்னாள். நன்றி எதுவும் வரவில்லை. "அவர் கத்தும்போதே வந்து சொல்றதுக்கு என்ன பெரியம்மா? முழுசாத் திட்டு வாங்கட்டும்னு காத்திருந்தீங்களா?" என்றான். அது நியாயமாகத்தான் அவளுக்குப் பட்டது. இரண்டு நாள் அவளோடு சாப்பிட உட்காராமல், எதிர்க்கடையில் தனியாக நூடுல்ஸ் சாப்பிட்டான்.

கேப்டனிடம் சங்ஹூன் வேறு காரணம் சொல்லலாம் என்று நினைத்தார். "காயப்போட்டது நான், நானே சொல்றேன்," என்று மல்சூன் முன்னால் போய் நின்றாள். கேப்டன் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"சரி பண்ண எத்தனை நாள்?"

"ரெண்டு நாள்," என்றார் சங்ஹூன்.

"நாளைக்கு என் பொண்டாட்டிக்கு முழங்காலுக்குப் பயிற்சி. அவள யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது? டாக்ஸில ஏறமாட்டா, கால் மடங்காது."

மறுநாள் கடையின் வேனில் சங்ஹூன் ஓட்ட, அந்த அம்மாளைத் தாங்கிப் பிடித்து ஏற்ற மல்சூனும் கூடப் போனாள். பெயர் மெங் சுக்ஜா. வேனில் ஏறி உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்தாள்.

"நீதான் கீறல் போட்டவளா?"

"ஆமாங்க்கா. மன்னிச்சுக்கங்க."

"எதுக்கு மன்னிப்பு? அந்தக் கார்ல உட்கார்ந்து இப்படி ஒரு ஆரஞ்சு திங்க முடியுமா? மூச்சு விட்டாக்கூடக் கண்ணாடில ஆவி படியுதும்பாரு. முப்பது வருஷம் கடல்ல இருந்துட்டு வந்தவரு, இப்ப நாள் முழுக்க காரையே சுத்திச் சுத்தி வர்றாரு." பாதிப் பழத்தை மல்சூனிடம் நீட்டினாள். "சாப்பிடு. இந்தப் பக்கத்துக் கன்னம் வீங்கியிருக்கா? அப்ப அந்தப் பக்கமா மெல்லு."

முன்சீட்டில் சங்ஹூன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட்டினார். போகிற வழியெல்லாம் சுக்ஜா பேசிக்கொண்டே வந்தாள்; மல்சூன் ஒருபக்கமாக மென்றுகொண்டே கேட்டாள்.

கதவுகளை யொங்ஜே மறுபடி பாலிஷ் செய்தான். ஒவ்வொரு டவலையும் மல்சூன் அவன் கண்முன்னாலேயே வெள்ளை பேசினில் ஒருமுறை பிழிந்து காட்டிவிட்டுத்தான் கொடுத்தாள். நாலாவது டவலில் அவன், "போதும் பெரியம்மா, கல்யாணத்துக்கு ஜாதகமா பார்க்குறோம்," என்றான். அன்று மதியம் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

சங்ஹூன் அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறை கூடைகளை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். முதலில் மல்சூனுக்கு அது சுருக்கென்றிருந்தது. மழைக்காலம் வருவதற்குள் பழகிவிட்டது; அவர் வருகிற நாளில் அவளே கூடைகளை வெளிச்சத்துக்கு நகர்த்தி வைத்துவிடுவாள்.